ஒற்றை வெள்ளைப் பட்டை

மட்டக்களப்பு நகரிலிருந்து பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் போகும் பாதை வாவியை ஒட்டியே ஓடுகிறது. ஒரு பக்கம் கண்டல் மரங்கள், மறுபக்கம் மீனவர் வீடுகள், வேலியில் காயும் வலைகள். 1913ஆம் ஆண்டிலிருந்து நிற்கும் அந்த வெளிச்சவீட்டடியில் மாலை நேரங்களில் குடும்பம் குடும்பமாக வந்து கச்சான் கொறிப்பார்கள். வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே நின்று கிழக்கே பார்க்கிறவர் கண்ணில் படுவது வெறும் கடல். ஆனால் வள்ளக்காரர்களிடம் கேட்டால் எந்தத் திசையில் எந்தக் கப்பல் மூழ்கிக் கிடக்கிறது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். ஹேர்மிஸ், அத்தல்ஸ்ரேன் என்று ஊர்ப் பேர் சொல்வதுபோலச் சொல்வார்கள்.

"ஹேர்மிசுக்கு மேல வலை போடுவீங்களா ஐயா?" என்று வெளியூரிலிருந்து வந்த பெடியன் ஒருவன் கேட்டான்.

"வலை போட்டா இரும்பு பிடிச்சிரும் மனே. தூண்டில்தான். பாரை நல்லாப் படும்" என்றார் வயதானவர். அவருக்கு அது மீன் இருக்கிற இடம். அதற்கு மேல் அவர் பேச்சை நீட்டவில்லை.

கரையிலிருந்து ஒன்பது கிலோமீற்றர் அளவில், ஐம்பது மீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பக்கவாட்டில் சரிந்து கிடக்கும் அந்த இரும்பு, ஒரு காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் பெருமை. விமானந்தாங்கிக் கப்பலாகவே வரைந்து, விமானந்தாங்கிக் கப்பலாகவே கட்டத் தொடங்கப்பட்ட உலகின் முதற் கப்பல் எச்.எம்.எஸ். ஹேர்மிஸ். அதற்கு முந்தியவை எல்லாம் வேறு கப்பல்களை வெட்டி ஒட்டி மாற்றியவை. 1918இல் வேலை தொடங்கியது. 1924இல்தான் சேவைக்கு வந்தது. அந்த இடைவெளியில் ஜப்பான் தன் ஹோஷோ கப்பலைக் கட்டி முடித்து முந்திக்கொண்டது. பதினெட்டு ஆண்டுகளின் பின் ஹேர்மிசுக்கு இன்னொரு 'முதல்' பட்டமும் கிடைத்தது, யாரும் விரும்பாத பட்டம். இன்னொரு விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து வந்த விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட முதல் விமானந்தாங்கிக் கப்பல் அதுதான். நாள் 1942 ஏப்ரல் 9, வியாழக்கிழமை காலை.

வந்தவை 85 ஜப்பானிய விமானங்கள். எல்லாமே ஐச்சி நிறுவனத்தின் டி3ஏ வகைக் குத்துப்பாய்ச்சல் குண்டுவீச்சு விமானங்கள். நேசநாட்டுப் படையினர் அவற்றுக்கு வைத்த சங்கேதப்பெயர் 'வால்'. ஐந்து கப்பல்களிலிருந்து அவை கிளம்பின: அக்காகியிலிருந்து 17, சோர்யுவிலிருந்து 18, ஹிர்யுவிலிருந்து 18, ஷோக்காக்குவிலிருந்து 18, சுய்க்காக்குவிலிருந்து 14. கூட்டத்துக்குத் தலைமை தாங்கி வந்தவர் ஷோக்காக்குவின் குத்துப்பாய்ச்சல் அணித் தலைவர் தக்காஹாஷி கக்குயிச்சி.

ஷோக்காக்குவின் இந்த அணியைப் பற்றித் தேடிப் போகிறவருக்கு முதலில் ஓர் ஏமாற்றம் காத்திருக்கிறது. அதற்குச் சின்னம் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பறந்த மற்ற நாட்டு அணிகளைப் பார்த்தால் ஒரு மிருகக்காட்சிச்சாலையே இருக்கும். சிறுத்தை, பிசாசு, நாய், சேவல் எல்லாம் விமானத்தின் மூக்கிலும் விலாவிலும் ஏறியிருந்தன. லிபியப் பாலைவனத்தில் பறந்த ஜெர்மன் ஸ்டூக்கா ஒன்றின் உடல் நீளத்துக்கும் பாம்பு ஒன்று நெளிந்துகொண்டிருந்தது. படம் எடுக்க வசதியான அலங்காரம். ஜப்பானியக் கடற்படை அணிகளில் இந்த விளையாட்டுக்கு இடம் வைக்கவில்லை. இளஞ்சாம்பல் உடல், கறுப்பு என்ஜின் மூடி, இறக்கையிலும் விலாவிலும் சிவப்பு வட்டம். மிச்சம் எல்லாம் கணக்கு.

அந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். விலாவில் உள்ள சிவப்பு வட்டத்துக்குப் பின்னால், வாலுக்கு முன்னால், உடலைச் சுற்றி ஒரு நிறப் பட்டை ஓடும். சிவப்பென்றால் முதலாவது விமானந்தாங்கிப் பிரிவு, நீலமென்றால் இரண்டாவது, வெள்ளையென்றால் ஐந்தாவது. ஒரு பட்டை என்றால் அந்தப் பிரிவின் முதற் கப்பல், இரண்டு என்றால் இரண்டாவது கப்பல். அப்படிப் பார்த்தால் அக்காகிக்கு ஒற்றைச் சிவப்பு, காகாவுக்கு இரட்டைச் சிவப்பு, சோர்யுவுக்கு ஒற்றை நீலம், ஹிர்யுவுக்கு இரட்டை நீலம், ஷோக்காக்குவுக்கு ஒற்றை வெள்ளை, சுய்க்காக்குவுக்கு இரட்டை வெள்ளை. வாலிலும் இதே விபரம் எழுத்தாக இருக்கும். பேர்ள் துறைமுகத்துக்குப் போனபோது ஷோக்காக்கு விமானங்களின் வாலில் இருந்தது ஆங்கில 'ஈ' எழுத்தும் ரோமன் ஒன்றும். அதற்கடுத்து மூன்றிலக்க எண். இருநூறில் தொடங்கினால் குத்துப்பாய்ச்சல் விமானம். நூறில் தொடங்கினால் சண்டை விமானம், முந்நூறென்றால் டோர்பிடோ விமானம்.

வால் முழுக்க இலக்கத்துக்கே போய்விடவில்லை. குறுக்காகச் சில கோடுகளும் உண்டு. ஒரு கோடு போட்டவர் மூன்று விமானச் சிற்றணிக்குத் தலைவர். இரண்டு கோடு ஒன்பது விமான அணித் தலைவர். மூன்று கோடு என்றால் முழுக் கூட்டத்துக்கும் அவரே பொறுப்பு. வானொலியை வாய்மூடி வைத்திருக்க வேண்டிய பயணத்தில், 3,000 மீற்றர் உயரத்தில், எண்பத்தைந்து விமானங்களுக்குள் யாருக்குப் பின்னால் யார் போவது என்பதைத் தீர்மானித்தவை இந்தக் கோடுகள். அலங்காரம் என்று இதைச் சொல்ல முடியாது. சீருடையின் தோள்பட்டைக் கோட்டை விமானத்தின் வாலுக்கு மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. சோர்யு அணித் தலைவர் எகுசா தக்காஷிகே தன் விமானத்தைப் பளிச்சென்ற நிறத்தில் தீட்டிக்கொண்டார், பின்னால் வருகிறவர்கள் தவறவிடாமல் தொடரட்டும் என்று செய்தார் என்று அந்தக் கடற்படையில் இருந்தவர்கள் சொல்லிவந்திருக்கிறார்கள். அவர் அப்படிச் செய்யக்கூடிய ஆள்தான். ஜப்பானியக் கடற்படையில் குத்துப்பாய்ச்சலில் அவருக்கு மேல் ஒருவர் இல்லை என்று பெயரெடுத்தவர்.

ஷோக்காக்குக்காரர்களுக்கு அந்த மதிப்பு இருக்கவில்லை. கப்பலே 1941 ஆகஸ்டில்தான் சேவைக்கு வந்தது. கூட்டாளி சுய்க்காக்கு செப்டெம்பரில். விமானிகளில் பலர் புதியவர்கள். அதனால் டிசம்பரில் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கப் போனபோது போர்க்கப்பல்களை அடிக்கும் பொறுப்பைப் பழைய கப்பல்காரர்கள் எடுத்துக்கொண்டு, விமானத் தளங்களை அடிக்கும் வேலையை இவர்கள் தலையில் கட்டினார்கள். ஆனால் முதற் குண்டு இவர்களிடமிருந்தே விழுந்தது. அதுவும் ஒரு குழப்பத்தால். தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய ஃபுச்சிடா மிட்சுவோ, எதிரி விழிக்கவில்லை என்றால் ஒரு வெளிச்சக் குண்டு சுடுவேன், விழித்திருந்தால் இரண்டு என்று சொல்லிவைத்திருந்தார். ஒன்று என்றால் டோர்பிடோ விமானங்கள் முதலில், இரண்டு என்றால் குத்துப்பாய்ச்சல் விமானங்கள் முதலில். அவர் ஒன்றைச் சுட்டார். மேலே பறந்த சண்டை விமானங்கள் அசையவில்லை. பார்க்கவில்லை போலும் என்று அவர்களுக்காக இன்னொன்றைச் சுட்டார். தக்காஹாஷி இரண்டையும் எண்ணினார். 'இரண்டு' என்று முடிவெடுத்து, தன் ஐம்பத்தொரு விமானங்களையும் இறக்கிவிட்டார். பேர்ள் துறைமுகத் தாக்குதல் இப்படித் தொடங்கியது.

பின்னர் ஜனவரியில் நியூகினிப் பக்கம் ரபாவுல் தாக்குதல். அதற்கப்புறம் இலங்கை. 1942 மார்ச் 26ஆம் திகதி ஜப்பானியத் தளபதி நகுமோ சுயிச்சியின் படை செலிபீஸ் தீவை விட்டுப் புறப்பட்டது. காகா கப்பல் பாறையில் உரசிப் பழுதுபார்க்கப் போயிருந்ததால் ஆறுக்குப் பதில் ஐந்து விமானந்தாங்கிகள்.

ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு தாக்கப்பட்டது. துறைமுகத்தில் டெனடோஸ் நாசகாரியும் ஹெக்டர் கப்பலும் போயின. அங்கொடை மனநோய் வைத்தியசாலையிலும் குண்டு விழுந்தது. கொலன்னாவை எண்ணெய்க் குதங்கள் என்று நினைத்து அடித்துவிட்டார்கள் என்பது கொழும்பில் இன்றுவரை சொல்லப்படும் காரணம். அன்று மத்தியானம் தெற்கே திறந்த கடலில், எகுசாவின் தலைமையில் 53 குத்துப்பாய்ச்சல் விமானங்கள் டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு கனரகக் கப்பல்களைக் கண்டன. அரைமணி நேரம்கூட எடுக்கவில்லை. 424 பேர் இறந்தார்கள். 1,122 பேர் மறுநாள் மாலை வரை எண்ணெய் மிதந்த கடலில் கிடந்து மீட்கப்பட்டார்கள். டோர்செட்ஷயர் ஏறத்தாழ ஒரு வருடத்துக்கு முன் ஜெர்மனியின் பிஸ்மார்க் போர்க்கப்பலுக்குக் கடைசி டோர்பிடோவை விட்ட கப்பல். அதற்கு இந்து சமுத்திரத்தில் இப்படி ஒரு முடிவு.

திருகோணமலையின் முறை 9ஆம் திகதி வந்தது. முதல்நாள் ரோந்து விமானம் ஒன்று ஜப்பானியக் கப்பல்களைக் கண்டு சொன்னதால், துறைமுகத்தில் நின்ற கப்பல்களை இரவோடிரவாக வெளியேற்றினார்கள். ஹேர்மிசும் ஆஸ்திரேலிய நாசகாரி வம்பயரும் கரையோரமாகத் தெற்கே போயின. ஹேர்மிசின் 814ஆம் அணி விமானங்கள் திருகோணமலையின் சீனன்குடா விமானத் தளத்தில் நின்றன. விமானந்தாங்கிக் கப்பல், மேலே ஒரு விமானம் இல்லை. காலையில் தாக்குதல் முடிந்துவிட்டது, திரும்பி வரலாம் என்று இரண்டு கப்பல்களும் வடக்கே திரும்பிய நேரம் பார்த்து, ஹருனா போர்க்கப்பலின் மிதவை விமானம் அவற்றைக் கண்டுகொண்டது.

குத்துப்பாய்ச்சல் எப்படி நடக்கும் என்று தெரிந்தால்தான் மட்டக்களப்புக் கடலில் நடந்தது புரியும். டி3ஏ பழைய பாணி விமானம். சக்கரங்களை உள்ளே இழுக்கும் வசதி கிடையாது. இரையைப் பிடிக்கக் காலை நீட்டி இறங்கும் பருந்தைப்போலவே எப்போதும் தெரியும். முன்னால் விமானி, பின்னால் திரும்பியிருந்து சுடுகிறவர், ஆக இரண்டு பேர். வயிற்றில் 250 கிலோ குண்டு ஒன்று. இறக்கைகளுக்கடியில் 60 கிலோவில் இரண்டு தொங்கவிடலாம். இலக்குக்கு மேலே வந்ததும் இறக்கையடியில் இருக்கும் தடுப்புச் சட்டங்களை விமானி குறுக்காகத் திருப்புவார். வேகம் அளவுக்கு மிஞ்சாமல் அவை பிடித்துக்கொள்ளும். மூக்கைக் கீழே குத்தி, ஏறத்தாழ அறுபது பாகைச் சரிவில், கண்ணெதிரே உள்ள குழல் கண்ணாடியில் கப்பலைப் பிடித்தபடி இறங்குவார். பின்னால் இருப்பவர் உயரத்தைக் கத்திக்கொண்டே வருவார். ஐந்நூறு மீற்றர் அளவில் குண்டை விடவேண்டும். குண்டு சுழல்விசிறியில் பட்டுவிடாமல் ஓர் இரும்புக் கவை அதை வெளியே வீசி விடும். அடுத்த கணம் மூக்கை நிமிர்த்தவேண்டும். தாமதித்தால் கப்பலோடு விமானமும் போகும். சீக்கிரம் விட்டால் குண்டு கடலுக்குப் போகும். ஒரே கப்பலை நோக்கி முதலில் இறங்குகிறவர்களில் சிலர் துளைக்கும் குண்டுக்குப் பதிலாக, மேல்தளத்தில் வெடித்துச் சிதறும் தரைக்குண்டைக் கொண்டுவருவார்கள். விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர்களை முதலில் ஒழித்துவிட்டால் பின்னால் வருகிறவர்களுக்குக் குறி சுகம்.

ஹேர்மிசில் ஏறத்தாழ நாற்பது குண்டுகள் விழுந்தன. பத்து மணி முப்பத்தைந்துக்குப் பின் தொடங்கி, பதினொன்றுக்கு முன்பே முடிந்தது. தலைவர் ரிச்சர்ட் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் மாண்டார்கள். விமான உதவி கேட்டுக் கப்பல் அனுப்பிய செய்திக்குப் பலன் கிடைக்கவில்லை. சீனன்குடா அப்போதுதான் அடிவாங்கியிருந்தது. இரத்மலானையிலிருந்து கிளம்பிய பிரித்தானிய ஃபுல்மார் விமானங்கள் வந்தபோது பாதுகாக்கக் கப்பல் இருக்கவில்லை. அவை சோர்யுவின் நீலப்பட்டைக்காரர்களோடு மோதி நான்கு விமானங்களை வீழ்த்தின. அதுவே அன்று குத்துப்பாய்ச்சல்காரர்களுக்கு விழுந்த பெரிய அடி.

அக்காகியின் விமானங்கள் பக்கத்தில் நின்ற வம்பயரைப் பிடித்து இரண்டாக முறித்தன. மிஞ்சியவர்கள் ஹொலிஹொக் என்ற சிறு காவற்கப்பலையும், அத்தல்ஸ்ரேன், பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல்களையும் தேடிப் போனார்கள். வைட்டா என்ற வைத்தியசாலைக் கப்பல் அந்தப் பக்கமாக வந்தது மீந்தவர்களின் அதிர்ஷ்டம். ஜப்பானியர் அதைத் தொடவில்லை. ஏறத்தாழ அறுநூறு பேரை அது தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போனது. சிலர் நீந்தியே மட்டக்களப்புக் கரையைப் பிடித்தார்கள்.

ஹேர்மிஸ் எரிவதைக் காட்டும் அந்தப் புகழ்பெற்ற படம் ஒரு ஜப்பானிய விமானத்திலிருந்து எடுத்தது. தளம் முன்புறமாகப் பிளந்து, அலை ஏறும் உயரத்தில் கப்பல் சரிகிறது. வடிவான படம் என்று சொல்ல மனம் கூசும், ஆனாலும் அப்படித்தான் இருக்கிறது.

மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்கு இப்போது கரையோரமாகவே போய்விடலாம். வாழைச்சேனை, ஓட்டமாவடி, வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று ஊர்கள் ஒவ்வொன்றாக வரும். ஒரு காலத்தில் இந்தப் பாதையில் பாதைப் படகுக்குக் காத்துக்கிடந்தே பாதி நாள் போகும். பின்னர் வந்த உள்நாட்டு யுத்தம் இந்தக் கரையோரத்தைப் படுத்திய பாட்டைச் சொல்ல இன்னொரு கட்டுரை வேண்டும். வாகரையிலும் வெருகலிலும் 'சண்டைக்காலம்' என்று யாராவது சொன்னால் அவர் 1942ஐச் சொல்லவில்லை. 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தைத் தாண்டினால் கொஞ்ச நேரத்தில் சீனன்குடா.

சீனன்குடாவில் காடு இன்னும் எண்ணெய்க் குதங்களை முழுதாக விடவில்லை. மரங்களுக்குள்ளே துருப்பிடித்த பெரிய வட்டங்கள் தலைகாட்டும். எஞ்சியிருப்பவை 99. அவற்றை யாருக்கு எத்தனை பங்கு என்று பிரித்த உடன்படிக்கைகள் கொழும்பு அரசியலில் அடிக்கடி தலைப்புச் செய்தியாகும். ஆனால் வெளியூர்க்காரர் கேட்பது 1942இல் எரிந்து போன ஒரு குதத்தைப் பற்றித்தான். ஜப்பானிய விமானம் ஒன்று நேரே அதன்மேல் வந்து மோதியது, நெருப்பு ஏழு நாள் எரிந்தது, விமானத்தில் மூன்று பேர் இருந்தார்கள் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். கதையின் மற்றப் பகுதிகள் எப்படியோ, மூன்று பேர் என்ற விபரம் பொருந்தி வருகிறது. திருகோணமலையை அடித்தவை 91 'கேட்' விமானங்கள். மட்டமாகப் பறந்து குண்டு போடும் அந்த வகையில் மூன்று பேர் உட்காருவார்கள். குத்துப்பாய்ச்சல் விமானங்களை நகுமோ அன்று துறைமுகத்துக்கு அனுப்பவே இல்லை. கப்பல் வரும் என்று கப்பல்தளத்திலேயே தயாராக வைத்திருந்தார். அந்தப் பொறுமையின் விலையை ஹேர்மிஸ் கொடுத்தது.

துறைமுகத்தில் அன்று அடிபட்ட கப்பல்களில் ஒன்று சகாயிங். எரிந்து பழுதான அது பிறகு அங்கேயே இறங்குதுறையாகப் பயன்பட மூழ்கடிக்கப்பட்டது. எழுபத்தைந்து வருடம் நீருக்கடியில் கிடந்த அந்தக் கப்பலை 2018இல் இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் மிதக்கவைத்தார்கள். மாதக்கணக்கில் ஓட்டைகளை அடைத்து, உள்ளிருந்த நீரை இறைத்துச் செய்த வேலை. கடற்படைக்கு அதில் பெருமை உண்டு, இருக்கத்தான் வேண்டும்.

நிலாவெளி வீதியில் உப்புவெளியில் இருக்கும் யுத்தகாலச் சேமக்காலையில் வரிசை தப்பாத வெள்ளைக் கற்கள். ஒவ்வொரு கல்லின் தலையிலும் ஒரு சின்னம் செதுக்கியிருக்கும். கடற்படைக்காரருக்கு நங்கூரம், விமானப்படைக்காரருக்குக் கழுகு. 1942 ஏப்ரல் 9 என்ற திகதி பல கற்களில் வரும். ஹேர்மிசோடு போனவர்களில் பெரும்பாலோருக்கு அங்கே கல் இல்லை. கடலில் உடல் கிடைக்காதவர்களின் பெயர்களை இங்கிலாந்தின் துறைமுக நகரங்களில் உள்ள நினைவுத்தூண்களில் பொறித்திருக்கிறார்கள்.

இலங்கையின் அந்த ஏப்ரல் வாரம் ஒரே ஒரு விமான அணியின் சின்னத்தில் ஏறி இன்றுவரை உயிரோடு இருக்கிறது. அது கனடாவுடையது. காலிக்குப் பக்கத்தில் கொக்கலை ஏரியிலிருந்து பறந்த 413ஆம் அணியின் கட்டலீனா நீர்விமானம் ஒன்று, ஏப்ரல் 4 மாலை, வீடு திரும்பும் நேரத்தில், நகுமோவின் கப்பல்களைக் கண்டது. விமானி லெனர்ட் பேர்ச்சல் தீவுக்கு வந்தே இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. செய்தியை அனுப்பிக்கொண்டிருந்தபோதே சுட்டு வீழ்த்தினார்கள். ஒன்பது பேரில் ஆறு பேர் பிழைத்து, போர் முடியும்வரை ஜப்பானில் சிறையிருந்தார்கள். அந்த எச்சரிக்கைதான் கொழும்புத் துறைமுகத்தை முன்கூட்டியே காலி செய்ய வைத்தது. அந்த அணியின் சின்னம் நம்மூர் யானைத் தலை, நேருக்கு நேர் பார்க்கும் முகம். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், பனியில், மீட்புப் பணிக்காரரின் சீருடையில் இன்றும் அந்த யானை இருக்கிறது.

ஒற்றை வெள்ளைப் பட்டைக்காரர்களின் கதை அவ்வளவு நீளவில்லை. மே 8ஆம் திகதி பவளக்கடலில் லெக்சிங்டன் என்ற அமெரிக்க விமானந்தாங்கியை அடிக்கப் போன தக்காஹாஷி திரும்பி வரவில்லை. அவரோடு போன ஷோக்காக்கு, சுய்க்காக்கு விமானங்களில் பலவும் வரவில்லை. லெக்சிங்டன் மூழ்கியது. ஷோக்காக்குவின் மேலும் மூன்று குண்டுகள் விழுந்து, பழுதோடு ஜப்பான் திரும்பியது. பழைய கப்பல்காரர்கள் அப்போது அடித்த பகிடி பின்னர் அச்சிலும் ஏறியது. வைப்பாட்டி பிள்ளைகளே இவ்வளவு செய்தால், நாங்கள் கட்டியவளின் பிள்ளைகள், எங்களை யார் வெல்வது என்ற பொருளில் சிரித்துக்கொண்டார்களாம். ஹேர்மிஸ் மூழ்கிச் சரியாக எட்டு வாரம், ஜூன் 4, அதுவும் ஒரு வியாழக்கிழமை. மிட்வே தீவுக்கருகே அமெரிக்கக் குத்துப்பாய்ச்சல் விமானங்கள் அக்காகி, காகா, சோர்யு, ஹிர்யு நான்கையும் ஒரே நாளில் தீர்த்துக்கட்டின. கட்டியவளின் பிள்ளைகளில் ஒருவரும் மிஞ்சவில்லை. பழுதுபார்க்க நின்றதால் அன்று தப்பிய ஷோக்காக்குவை 1944 ஜூனில் நீர்மூழ்கி ஒன்று முடித்தது. எகுசா மிட்வேயில் காயத்தோடு தப்பி, அதே 1944 ஜூனில் மரியானாத் தீவுகளுக்கருகே இறந்தார். சுய்க்காக்கு அக்டோபரில் போனது.

பறக்கும் நிலையில் உள்ள அசல் டி3ஏ உலகில் ஒன்றுமில்லை. 'டோரா! டோரா! டோரா!' படத்தில் பாய்ந்து வருபவை அமெரிக்கப் பயிற்சி விமானங்கள், வேடம் போட்டவை. ஆனால் ஹசேகாவா போன்ற ஜப்பானிய நிறுவனங்களின் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டியைத் திறந்தால், ஒட்டுப்படத் தாளில் அந்த வால் எழுத்துகளும் கோடுகளும் பட்டைகளும் அச்சொட்டாக இருக்கும். எந்த வருடத்தில் எந்தக் கோடு எந்த நிறம் என்று இணையத்தில் சண்டை பிடிக்கும் ஆட்கள் நிறைய. ஹேர்மிஸ் எந்தத் திசையில் கிடக்கிறது என்று அவர்களில் பலருக்குத் தெரியுமோ என்னவோ.

போக விரும்புகிறவர்களுக்கு: மட்டக்களப்புக் கடல் ஏப்ரல் தொடங்கி செப்டெம்பர் வரை அமைதி, அதற்குப் பின் வாடைக்காற்று விடாது. ஹேர்மிஸ் கிடக்கும் ஆழம் சாதாரணச் சுழியோடிகளுக்கு உரியதல்ல. ஆழ்நீர்ப் பயிற்சியும் கலப்பு வாயுவும் வேண்டும். பழக்கம் குறைந்தவர்கள் பாசிக்குடாப் பக்கம் கிடக்கும் பிரிட்டிஷ் சார்ஜன்ட்டைப் பார்க்கலாம், அது இருபத்துநாலு மீற்றர்தான். எதில் இறங்கினாலும் எதையும் தொட்டுக் கழற்றிக்கொண்டு வராதீர்கள். கடலடியில் கிடக்கும் ஹேர்மிஸ் முந்நூறுக்கு மேற்பட்டவர்களின் சேமக்காலையும் கூட.